சாமி மரத்தில் நூறு காய்

மார்கழி மாதத்து ஒரு காலையில், றமணன் மலையடியில் படங்குச் சாக்கை விரித்து நூறு கோப்பிக் காய்களை அதன்மேல் கொட்டி, ஒவ்வொன்றாகப் பிளேடால் பிளந்தான். தோட்டக் கம்பனியின் கண்டிக் கந்தோரிலிருந்து வந்த அதிகாரி அவன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, முப்பது வயதுகூட இராது. நல்ல காய் இடப்பக்கம், ஓட்டைக் காய் வலப்பக்கம். வலப்பக்கத்துக் குவியல் ஏற ஏற, சுற்றி நின்ற பதினொரு குடும்பத்தாரும் இன்னும் நெருங்கி வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"முப்பத்திநாலு," என்றான் கடைசியில்.

காயின் தொப்புளில் ஊசி குத்தினது போல ஒரு ஓட்டை. பிளந்தால் உள்ளே கடுகில் பாதிகூட இல்லாத கறுப்பு வண்டு ஒன்று குடும்பத்தோடு குடியிருக்கும். கொட்டையைத் தின்று, அதிலேயே முட்டையிட்டு, அதிலேயே பேரன் பேத்தியும் எடுத்துவிடும். கம்பனியின் துண்டுப்பிரசுரத்தில் அதற்குக் 'காய் துளைப்பான்' என்று பெயர். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருக்கிற சனம் அதைத் 'துளைச்சான்' என்று சுருக்கிக்கொண்டது.

தெல்தோட்டைக்கு மேலே, தேயிலைக்கு ஆகாது என்று கம்பனி கைவிட்ட மலை அது. ஆறு வருஷத்துக்கு முன் அதைப் பதினொரு குடும்பத்துக்குக் கோப்பி நடக் கொடுத்தபோது எழுதின ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. பூச்சி நூற்றுக்குப் பத்தைத் தாண்டினால் மரங்களைப் பிடுங்கி எரித்துவிட்டு மலையைக் கம்பனியே திருப்பி எடுத்துக்கொள்ளும். மலை கிடைத்த சந்தோஷத்தில் அன்றைக்கு அதை எவரும் வாசிக்கவில்லை.

"நான் என்ன செய்யிறது?" என்றான் றமணன். "பக்கத்து மலையில கம்பனியின்ர சொந்தக் கோப்பி நிக்குது. உங்கட பூச்சி அங்க பரவினா என்னைத்தான் கேப்பினம். மலையைத் திருப்பித் தாறம் எண்டு எல்லாரும் இந்தக் கடிதத்தில கையெழுத்துப் போடுங்கோ. எழுத ஏலாட்டிப் பெருவிரல் வைக்கலாம்." சொல்லிக்கொண்டே ஒரு மைப்பெட்டியையும் எடுத்துத் திறந்து வைத்தான்.

அந்த மைப்பெட்டியைப் பார்த்ததும் இராஜகுமாரிக்குச் சுர்ரென்று ஏறியது.

வயது நாற்பத்திமூன்று அவளுக்கு. இருபத்திரண்டு வருஷம் கொழுந்து பறித்தவள். புருஷன் கஜேந்திரன் கண்டி டவுனில் ஒரு இரும்புக் கடையில் நிற்கிறான். சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய்விடுவான். பிறந்த ஒற்றையறைக் காம்பராவும் தோட்டத்துடையது, புகுந்த காம்பராவும் தோட்டத்துடையது, செத்தால் புதைக்கிற குழியும் தோட்டத்துடையதுதான். அவளுடையது என்று சொல்ல இருந்தது இந்த மலையில் நிற்கும் நூற்றுப்பன்னிரண்டு கோப்பி மரம் மட்டும். அதைப் பிடுங்கி எரிக்க ஒரு பெருவிரல் போதும் என்று ஒருத்தன் சொன்னால் கோபம் வராதா?

"நான் போட மாட்டேன் சேர்," என்றாள்.

"நியாயத்தைக் கதையுங்கோ அம்மா."

"நியாயந்தான் பேசுறேன். தொரை பங்களாவுக்குப் பின்னால பழைய கோப்பி மரம் இருவது நிக்குது. ஒருத்தரும் பறிக்கிறதில்ல. பழமெல்லாம் கறுத்து மரத்துலயே தொங்குது. அதுல நூறு காய் எடுத்து எண்ணிட்டீங்களா?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். றமணனின் காது சிவந்தது. "அது துரையின்ர பங்களா. அங்க நான் கை வைக்கேலாது."

"எங்க வயித்துல மட்டும் அடிக்கலாமாக்கும்? ஒரு காய்ப்பு குடுங்க சேர். ஆவணில பச்சைக் காய் நிக்கும். அப்ப வந்து எண்ணுங்க. பத்து வேணாம், அஞ்சுக்கு மேல இருந்தாலே நானே பிடுங்கி நானே எரிக்கிறேன். இந்த மைப்பெட்டியையும் அன்னிக்குக் கொண்டாங்க."

பக்கத்து வரிசைக்காரி கிருஷாந்தி முதலில் தலையாட்டினாள். பிறகு ஒவ்வொருவராக ஆட்டினார்கள். றமணன் மைப்பெட்டியை மூடினான். "ஆவணி. அதுக்கு மேல ஒரு நாளும் இல்லை."

வீறாப்பாகப் பேசிவிட்டாளே தவிர, என்ன செய்வது என்று இராஜகுமாரிக்கே தெரியாது. மருந்து அடிக்கலாம் என்றால், கொட்டைக்குள் கதவடைத்துப் படுத்திருக்கிறவனுக்கு வெளியே அடிக்கிற மருந்து என்ன செய்யும்? போதாததற்கு லயத்துக்குக் குடிதண்ணீர் வருவதே அந்த மலை ஊற்றிலிருந்துதான். அவளும் ஒரு பிளேடு வாங்கினாள். ஒரு வாரம், தினமும் வாசற்படியில் உட்கார்ந்து காய்களைப் பிளந்தாள். பச்சைக் காய், சிவந்த பழம், மரத்திலேயே காய்ந்த கறுப்புப் பழம், நிலத்தில் விழுந்தது என்று ஒன்றையும் விடவில்லை. இலையைக் கிள்ளிப் பார்த்தாள், கொப்பைக் கீறிப் பார்த்தாள். வண்டு காய்க்குள் மட்டும்தான் இருந்தது. காய் இல்லாவிட்டால் அதற்கு வீடும் இல்லை, சோறும் இல்லை.

தையில் பறிப்பு முடிந்தால், அடுத்த காய் முற்ற ஆடி மாதம் ஆகும். அந்த ஆறு மாதமும் அது எங்கே போய் இருக்கிறது?

இதற்குப் பதில் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. ஒத்துக்கொள்ளத்தான் கஷ்டமாக இருந்தது. அந்த மலையில் ஒரு பழக்கம். கடைசிப் பறிப்பில் மரத்தை முழுக்க உருவ மாட்டார்கள். ஒவ்வொரு மரத்திலும் ஒரு பிடி பழத்தை விட்டுவிட்டு இறங்குவார்கள். அது 'மரத்துப் பங்கு'. மரத்தை மொட்டையடித்தால் மலடாகும் என்று பேச்சு. எல்லாரும் பெருமையோடு விட்டுவைத்த அந்த ஒரு பிடிதான் துளைச்சானுக்கு ஆறு மாதக் கட்டுச்சோறு. தலைவாழை இலை போட்டுப் பரிமாறிவிட்டு, விருந்தாளி போகவில்லையே என்று அழுதிருக்கிறார்கள்.

"இந்தத் தடவ ஒரு காயும் மிஞ்சக் கூடாது. மொட்டை," என்று அவள் சொன்னபோது முதலில் எகிறியவர் அழகமுத்து. முனியாண்டி கோயில் பூசாரி. அவருக்கும் மலையில் தொண்ணூறு மரம் உண்டு.

"ஏம்மா, கன்னு போட்ட பசுவ ஒட்டக் கறந்தா அது நிக்குமா? மரமும் அப்பிடித்தான்."

"விட்டு வச்சதுக்கு முப்பத்திநாலு வந்துருச்சுண்ணே. விடாம பாப்போம். மலடானா என்னைய ஏசுங்க."

ஏசுவதற்கு அவர் மலடாகும் வரை காத்திருக்கவில்லை. 'மொட்டைக்குமாரி' என்று அவர் வைத்த பெயர் ஒரே நாளில் தெல்தோட்டைக் கடைவீதி வரை போய்ச் சேர்ந்தது. இருந்தாலும் மலை போய்விடும் என்ற பயம் பழக்கத்தைவிடப் பெரிது. மூன்று வாரம் பதினொரு குடும்பமும் குனிந்து நிமிர்ந்தது. மரத்தடியில் படங்கைப் போட்டு உருவினார்கள், விழுந்ததைப் பொறுக்கினார்கள், பொறுக்கியதைத் தார்ப் பீப்பாவில் கொதிக்கிற தண்ணீரில் கொட்டினார்கள்.

அடுத்தது போத்தல். துண்டுப்பிரசுரத்தில் படத்தோடு போட்டிருந்தது. சோடாப் போத்தலுக்குச் சிவப்புச் சாயம் பூசி, பக்கத்தில் ஜன்னல் வெட்டி, உள்ளே ஒரு சின்னக் குப்பியில் சாராயத்தைத் தொங்கவிட்டு, அடியில் சவர்க்கார நுரைத் தண்ணீர் ஊற்ற வேண்டும். வாசத்துக்கு வருகிற வண்டு தண்ணீரில் விழுந்து சாகும். தவறணைக் கடைச் சாராயம் வாங்கிக் கட்டாது. பட்டப்பகலில், கையில் கேனோடு, ஆற்றோரத்தில் திருட்டுத்தனமாகக் கசிப்புக் காய்ச்சுகிறவன் வீட்டு வாசலில் போய் நின்றாள் இராஜகுமாரி.

"யாருக்குக்கா?" என்றான் அவன், வாயைப் பிளந்து.

"வண்டுக்கு. நல்ல சரக்கா ஊத்து. அது சாகணும்."

"குடிக்கிறவன் சாகாம இருக்கத்தான்கா இவ்வளவு காலமும் காய்ச்சுறேன்," என்று புலம்பிக்கொண்டே ஊற்றினான்.

மலை முழுக்க இருபத்திரண்டு போத்தல் தொங்கியது. அழகமுத்துவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "முனியாண்டிக்கும் சாராயம், பூச்சிக்கும் சாராயம். குடுத்து வச்ச மலைதான்!"

பங்குனியில் முதல் மழை விழுந்தது. மழை ஈரம் பட்டால்தான் துளைச்சான் பழைய காயை விட்டு வெளியே பறக்கும். மூன்றாம் நாள் காலை இராஜகுமாரி போத்தல்களை இறக்கி, வெள்ளைத் துணியில் வடிகட்டி எண்ணினாள். அடிவாரத்துப் போத்தலில் நாலு. அடுத்ததில் ஆறு. நடு மலையில் மூன்று. பங்களாப் பக்கத்து வேலியோரம் நாற்பது. அவள் வாய்விட்டே சொன்னாள்: "பாத்தியா, நான் சொன்னேனா இல்லியா?"

உச்சி வரிசைப் போத்தலைச் சாய்த்ததும் துணி கறுத்துப்போனது. மிளகுத் தூளைக் கொட்டினது மாதிரி. எண்ண முடியவில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். உச்சியில், நாலு எட்டுத் தூரத்தில் முனியாண்டி கோயில். ஒரு கல், ஒரு சூலம், ரெண்டு மணி. கோயிலுக்குப் பின்னால் இடுப்பில் சிவப்புத் துணி கட்டிய ஒரு கோப்பி மரம். அதன் கொப்பெல்லாம் கறுத்துக் காய்ந்த பழம். அடியில் மூன்று காய்ப்புப் பழம் மக்கிக் கிடந்தது. தையில் பதினொரு குடும்பமும் மலையை மொட்டையடித்தபோது, அந்த ஒரு மரத்தை மட்டும் யாரும் யாரிடமும் கேட்காமலே சுற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அவளுந்தான்.

சாமிக்கு விட்ட மரம். விட்டது யார்? சாட்சாத் இராஜகுமாரி. மலையில் முதல் கன்று நட்ட அன்றைக்கு அவள்தான் அந்தத் துணியைக் கட்டி, கையெடுத்துக் கும்பிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வேண்டினாள்: "முதக் கன்னு ஒனக்கு, முனியாண்டி. இதுல ஒரு காயும் நாங்க தொட மாட்டோம். மலைய மட்டும் எங்களுக்குக் காப்பாத்திக் குடு."

கீழே கிடந்த பழம் ஒன்றைப் பிளந்தாள். அறுபது, எழுபது இருக்கும், உள்ளங்கையில் ஊர்ந்தன. ஊருக்கெல்லாம் பல்லி சொல்லுமாம், தான் போய்க் கழுநீர்ப் பானையில் விழுமாம். அந்தப் பல்லி நான்தான் என்று நினைத்து அவள் அங்கேயே உட்கார்ந்து சிரித்தாள். சிரித்து முடிந்ததும் அழுகை வந்தது. மலையைக் கொல்லக் கொடுத்தது கம்பனி இல்லை, துரை இல்லை, அவள் கட்டிய துணி.

நேரே அழகமுத்துவிடம் போனாள்.

"சாமிக்கு விட்டது விட்டதுதான்," என்றார் அவர். "கை வச்சா கண்ணக் குத்தும்."

"விட்டது நான்தானேண்ணே. பழத்தப் பறிச்சுச் சுடுதண்ணில போட்டுட்டு, மரத்த அவருக்கே விட்டுடுறேன்."

"நீயும் நானும் முடிவு பண்றதுக்கு இது என்ன நம்ம காம்பராவா? பூக்கட்டிப் பாப்போம்."

பதினொரு குடும்பமும் கோயில் முன்னால் கூடியது. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ. வெள்ளை வந்தால் சாமி சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை. கிருஷாந்தியின் சின்ன மகள் குனிந்து ஒன்றை எடுத்தாள். அழகமுத்து பிரித்தார்.

சிவப்பு.

கூட்டம் மூச்சு விட்டது. அவர்களுக்கு அதுவே நிம்மதி. இனி யாரும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே ரெண்டு பேரும் ஒன்றாகக் கைவிரித்துவிட்டார்கள். சேதி போனில் கண்டிக்கும் போய்ச் சேர்ந்தது. "ராசு, வேணாம் புள்ள. நமக்கும் பிள்ளைங்க இருக்குது," என்று கஜேந்திரன் கெஞ்சினான். "அதுகளுக்காகத்தான்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். பயம் இல்லாமல் இல்லை. அவளும் அந்த முனியாண்டியைக் கும்பிட்டு வளர்ந்தவள். ஆனால் இன்னும் பத்து நாளில் பூ வரும், பூவுக்குப் பின்னால் காய் வரும், காய்க்குப் பின்னால் மைப்பெட்டி வரும்.

மறுநாள் உச்சி வெயில். முனி நடமாடுகிற நேரம் என்று அந்நேரம் யாரும் கோயில் பக்கம் போக மாட்டார்கள். இராஜகுமாரி போனாள். கை கால் கழுவி, கற்பூரம் ஏற்றி, ஒரு சுருட்டைப் பற்றவைத்துக் கல்லின் முன்னால் வைத்தாள்.

"நீ வேணாம்னு சொன்னது எனக்குக் கேட்டுச்சு," என்றாள் சாமியிடம். "மலைய காப்பாத்திக் குடுன்னு நான் கேட்டது ஒனக்குக் கேட்டுச்சா? கேட்டிருந்தா இந்தப் பூச்சிய ஏன் ஒன் மடியில வச்சு வளத்த? நான் ஒனக்குப் பழந்தான் குடுத்தேன், மலையக் குடுக்கல. கோவம்னா என்னைய மட்டும் அடி. நான் நிறுத்தப் போறதில்ல."

லயத்துச் சனம் கீழே வரிசையாக நின்று பார்த்தது. கிருஷாந்தி மட்டும் பாதி மலை ஏறி வந்து, கோயில் எல்லைக்கு வெளியிலேயே நின்றுகொண்டு சுருட்டிய சாக்கை உள்ளே எறிந்தாள். "நான் உள்ள வர மாட்டேன்க்கா. பயமா இருக்கு. ஆனா படங்கு என்னுது."

இராஜகுமாரி அந்தப் படங்கில் கொப்புக் கொப்பாக உருவினாள். அடியில் மக்கிக் கிடந்ததை விரலால் கிளறிக் கிளறிப் பொறுக்கினாள். வருஷா வருஷம் பொங்கல் வைக்கிற அதே மூன்று கல்லில் தார்ப் பீப்பாவை ஏற்றி, சாமிக்கு நேர் முன்னால் எல்லாவற்றையும் கொதிக்கவிட்டாள். மேலே மிதந்த கறுப்பை அகப்பையால் வழித்து வழித்து ஊற்றினாள்.

இறங்கும்போது ஈரப் படிக்கட்டில் கால் மடங்கி விழுந்தாள். கணுக்கால் வீங்கிவிட்டது. அவ்வளவுதான், லயத்துக்கு வேறென்ன வேண்டும்? "பாத்தியா, சாமி அடிச்சிருச்சு!" என்று அழகமுத்து ஊரைக் கூட்டினார்.

இராஜகுமாரி வாசற்படியில் காலை நீட்டிக்கொண்டு, நாமக்கட்டியைக் குழைத்துப் பூசியபடி பதில் சொன்னாள்: "சாமி அடிச்சிருந்தா கையத்தானே அடிச்சிருக்கும்? பறிச்சது கை. காலு பாவம், அது என்ன பண்ணுச்சு?"

பத்தாம் நாள் மலை பூத்தது. மலடாகும் என்று சொன்ன மரம் ஒன்று பாக்கியில்லாமல் வெள்ளை வெளேரென்று பூத்தது. சாமி மரம் எல்லாவற்றையும்விடக் கூடுதலாகப் பூத்தது. 'மொட்டைக்குமாரி' என்று கூப்பிட்ட வாய்கள் கொஞ்சம் கொஞ்சமாக 'குமாரி' என்று குறைத்துக்கொண்டன. அழகமுத்து மட்டும் அவளோடு பேசவில்லை. அவள் நொண்டி நொண்டிப் போய்ப் போத்தல்களுக்குச் சாராயம் மாற்றினாள். ஓட்டை விழுந்த காயைக் கண்டால் கிள்ளி எடுத்தாள். ஆனி போனது, ஆடி போனது. யாருக்கும் கண் போகவில்லை.

ஆவணியில் றமணன் வந்தான். ஒரு கையில் கோப்பு, மறு கையில் மைப்பெட்டி. படங்கை விரித்துவிட்டு, எந்த மரத்தில் பறிப்பது என்று மலையை நிமிர்ந்து பார்த்தான்.

"அங்க இங்க அலைய வேணாம் சேர்," என்றாள் இராஜகுமாரி. "நூறும் ஒரே மரத்துல எடுங்க. அந்தா, மேல சிவப்புத் துணி கட்டின மரம்."

கூட்டம் திக்கென்றது. கிருஷாந்தி அவள் கையைப் பிடித்தாள். "அக்கா, வேற மரங்கள்ல எடுக்கட்டுமே. அதுதான மோசமா இருந்துச்சு?"

"அதான் சொல்றேன். அது சுத்தம்னா மலையே சுத்தம். அது சுத்தமில்லன்னா நான் பறிச்சதுக்கு அர்த்தமில்ல."

எல்லாரும் மேலே ஏறினார்கள். றமணன் சூலத்தைப் பார்த்தான், மரத்தைப் பார்த்தான், நீட்டின கையை இழுத்துக்கொண்டான். "இது சாமி மரம் எண்டு சொல்லுகினம் அம்மா..."

அப்போதுதான் அழகமுத்து தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"தங்கச்சி பறிச்சா நல்லதாப் பாத்துப் பறிச்சான்னு நாளைக்கு ஒரு பேச்சு வரும். சேர் பறிக்கப் பயப்படுறாரு. நகருங்க, நானே பறிக்கிறேன்." அவர் கண்ணை மூடிக்கொண்டு, கைக்கு எட்டினதையெல்லாம் பறித்து நூறு எண்ணிப் படங்கில் போட்டார்.

பிளேடு வேலை செய்தது. இடப்பக்கக் குவியல் ஏறியது. முப்பதாவது காயில் ஒரு ஓட்டை. ஐம்பத்தெட்டில் ஒன்று. எண்பத்தொன்றில் இன்னொன்று. இராஜகுமாரி தானும் விரல் மடக்கி எண்ணினாள். தொண்ணூறு. தொண்ணூற்றைந்து. நூறு.

றமணன் திரும்ப ஒருமுறை எண்ணினான். "மூண்டு," என்றான். அவனுக்கே நம்ப முடியவில்லை. "நூற்றுக்கு மூண்டுதான்."

கிருஷாந்தி ஓவென்று கத்தினாள். அழகமுத்து அந்த மூன்று ஓட்டைக் காயையும் பொறுக்கிச் சவர்க்காரத் தண்ணீருக்குள் போட்டார், ஒருவரும் சொல்லாமலே.

றமணன் கோப்பைத் திறந்து, பூச்சி அடங்கியிருந்தால் கொடுக்கக் கொண்டுவந்த புதிய ஒப்பந்தத்தை நீட்டினான். இன்னும் ஐந்து வருஷத்துக்கு மலை அவர்களுடையது. இந்தத் தடவை அவள் அதை வாங்கி, வெயிலில் நின்றுகொண்டு ஒரு வரி விடாமல் வாசித்தாள். நூற்றுக்குப் பத்து என்ற வரியில் விரலை வைத்தாள்.

"இதுக்குக் கீழ இன்னொரு வரி எழுதணும் சேர்."

"என்னெண்டு?"

"இந்த மலைய எண்ணுற அன்னிக்கு, பங்களாவுக்குப் பின்னால நிக்கிற மரத்துலயும் நூறு காய் எண்ணணும். கூடினா அதுக்கும் இதே சட்டம்."

"ஐயோ அம்மா, அது துரையின்ர..."

"எங்க சாமியோட மரத்தையே எண்ணக் குடுத்தோம். தொரை என்ன, சாமிய விடப் பெரியவரா?"

மார்கழியில் சிரித்த மாதிரி இப்போது யாரும் சிரிக்கவில்லை. பதினொரு குடும்பமும் றமணனையே பார்த்தது. அவன் கீழே தெரிந்த பங்களாக் கூரையைப் பார்த்தான். பேனை பைக்குள்ளேயே இருந்தது.

இராஜகுமாரி குனிந்து, படங்கில் கிடந்த மைப்பெட்டியைத் திறந்து அவன் பக்கம் தள்ளி வைத்தாள்.

"எழுதுங்க சேர். எழுத முடியாட்டிப் பெருவிரல் வைக்கலாம்."

றமணன் பேனையை எடுத்தான்.